புது மேஸ்திரி, பழைய சீட்டு

தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வார்த்தையில் உஷாராக இருக்க வேண்டும். தமிழில் இன்று 'மனை' என்றால் வீடு கட்டுவதற்கான வெற்றிடம். சற்றுத் தூரம் போய் மாகாண எல்லையைத் தாண்டினாலோ, கன்னடத்தில் 'மனெ' என்பது கட்டி முடித்துக் குடியும் வந்துவிட்ட வீடு! தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊராகையால் அங்குள்ளவர்கள் இதில் ஏமாறுவதில்லை. இந்த மாதிரி விஷயத்தில் ஏமாறுவது கம்ப்யூட்டர்தான்.

தேன்கனிக்கோட்டைக்கு வடக்கே, ஓசூரில், 2020 முதல் டி.வி.எஸ். ஐக்யூபும், 2021 முதல் ஏதரும் ஆக மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகி வருகின்றன. மின்சார ஸ்கூட்டர் என்பது சக்கரம் வைத்த கம்ப்யூட்டர். அதிலும் ஒன்றல்ல, பல. பாட்டரி சூடாகிறதா என்று ஒன்று காவல் இருக்கும். கைப்பிடியைத் திருகினால் மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்று இன்னொன்று கணக்குப் போடும். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்குகிறவர் சட்டென்று கைப்பிடியைத் தளர்த்துகிறார்; மோட்டார் ஒரு விநாடி கழித்து ஓய்ந்தால் அந்தச் சரியான விடையால் யாருக்கு என்ன லாபம்? 'ரியல் டைம்' என்று இதைத்தான் சொல்கிறார்கள். வேகம் அல்ல, தவணை தவறாமை.

இத்தனை வேலைகளையும் வரிசைப்படுத்தி வாங்குகிற மேஸ்திரிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். சில சமயம் மேஸ்திரியையே மாற்ற நேரிடுகிறது. 2021-ல் உலகமெங்கும் சிப்புக்குப் பஞ்சம் வந்தபோது, கிடைத்த மாற்றுச் சிப்புகளுக்கு ஏற்ப டெஸ்லா கம்பெனி தன் புரோகிராம்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. சிப் மாறினால் மேஸ்திரியும் மாறுவதுண்டு.

புது மேஸ்திரியிடம் பழைய சீட்டை அப்படியே நீட்டினால் என்ன ஆகும்? வி.எக்ஸ்.ஒர்க்ஸ் என்ற மேஸ்திரிக்கு 0 என்ற எண் பெற்ற வேலைதான் முதல் பந்தி. ஃப்ரீ-ஆர்.டி.ஓ.எஸ். என்ற மேஸ்திரிக்கு அதே 0 கடைசிப் பந்தி. சீட்டில் ஓர் எழுத்துகூட மாறியிராது. ஆனால் பாட்டரிக் காவல் பின்னால் போய், திரையில் மணி காட்டும் வேலை இலை போட்டு உட்கார்ந்துவிடும்!

கடிகாரச் சங்கதியும் இப்படியே. "நூறு தட்டு பொறு" என்று சீட்டில் எழுதியிருக்கிறது. விநாடிக்கு 1,000 முறை தட்டும் கடிகாரத்தில் அது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 100 முறை தட்டுவதில் முழு விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் அதற்குள் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

இவையெல்லாம் மேஜையிலேயே அகப்பட்டுவிடக்கூடிய தவறுகள். சாதாரண நாளில் தலைகாட்டாத தவறுதான் பொல்லாதது. 1996 ஜூன் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பியர்களின் ஆரியான்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பிற்று. அங்கே மாறியது மேஸ்திரிகூட அல்ல, வாகனம்தான். ஆரியான்-4-ல் ஒழுங்காக உழைத்த திசையறியும் புரோகிராமைப் புது ராக்கெட்டிலும் எடுத்து வைத்திருந்தார்கள். புதியதன் பக்கவாட்டு வேகமோ மிக அதிகம். அதையொட்டிய ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32,767-க்கு மேல் கொள்ளாது. எண் வழிந்தது, கம்ப்யூட்டர் படுத்தது. ஆபத்துக்கு உதவ இரண்டாவது கம்ப்யூட்டர் இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே புரோகிராம்தான். அது ஒரு கணம் முன்னதாகவே படுத்துவிட்டிருந்தது! சுமார் 40 விநாடிகளில், நான்கு விஞ்ஞானச் செயற்கைக் கோள்களோடு ராக்கெட் வெடித்துச் சிதறியது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே ஆரியான்-5-க்குத் தேவையில்லை. பழைய ராக்கெட்டில் இருந்ததே என்று விட்டு வைத்திருந்தார்கள்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் பழைய பலகையையும் புதிய பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடுகிறார்கள். ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு கம்பியில் மின்துடிப்பு வரும்படி செய்து, ஆசிலோஸ்கோப் திரையில் அளக்கிறார்கள். சராசரி நேரத்தை அவர்கள் சட்டை செய்வதில்லை. லட்சத்தில் ஒரு தடவை வரும் மிக மோசமான தாமதம் எவ்வளவு என்பதே கேள்வி. அதை வெளியே இழுக்க, பாட்டரியைச் சூடாக்கி, திரையில் வரைபடத்தை ஓடவிட்டு, அதே கணத்தில் போன் அழைப்பையும் வரவழைத்து, பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். இரவு பகலாக, பல நாள்.