நிற்கப் பழகிய லாண்ட் றோவர்

பழைய வாகனம் ஒன்றை வாங்க வருகிறவர் முதலில் அதன் முகத்தைப் பார்ப்பார். பிறகு யந்திரத்தை முடுக்கச் சொல்லிக் காதைக் கொடுப்பார். நிறம் மங்காதிருந்து, யந்திரமும் முதல் முயற்சியிலேயே உயிர் பெற்றுவிட்டால் பேரம் முடிந்துவிடும். குனிந்து முன்சில்லுகளின் உட்புறத்தைப் பார்ப்பவர் அரியர். நாமும் பார்க்கவில்லை.

நமது மைத்துனர் பண்டாரவளையில் வசிப்பவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், உருளக்கூடிய எதற்கும் விலை ஏறியிருந்த காலத்தில், தேயிலைத் தோட்டமொன்றில் உழைத்து ஓய்ந்த லாண்ட் றோவர் ஒன்றை அவர் வாங்கினார். இரண்டாம் தொடர் 'ஏ' வகை. 1967 இல் செய்யப்பட்டது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 88 அங்குலம். யந்திரம் நன்றாகவே ஓடிற்று. பச்சை நிறந்தான் ஆங்காங்கே வெளுத்திருந்தது. எனவே பூச்சு வேலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்டியை வீட்டுத் தேவைகளுக்கு ஓட்டத் தொடங்கினார்.

ஒரு மாலை அப்புத்தளையிலிருந்து பெரகலையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். மூடுபனி பாதையை மறைத்தும் திறந்தும் விளையாடிக்கொண்டிருந்தது. பின்னால் தங்கையும் இரு பிள்ளைகளும். வளைவொன்றின் முன் மைத்துனர் பிறேக்கை மிதித்தார். மிதி ஒரு தடையுமின்றி அடித்தட்டுவரை போய் அங்கேயே கிடந்தது.

அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இவ்வகை வண்டியில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்குவது எளிதன்று. கிளச்சை இருமுறை மிதித்து, இடையே யந்திரத்தை ஒருதரம் சீறவிட்டால்தான் பற்கள் ஒன்றோடொன்று இணங்கும். அதைச் செய்தார். பின் கைப்பிறேக்கை மெல்ல மெல்ல இழுத்தார். வண்டி முனகி, உதறி, மலைப்பக்கத்துக் கானில் இடச்சில்லுகளை இறக்கிச் சாய்ந்து நின்றது. சிறிய பிள்ளை சிரித்தது. அதற்கு அது விளையாட்டு.

கால்பிறேக் கைவிட்டபோது கைப்பிறேக் மட்டும் எங்ஙனம் காத்தது? அக்காலத்து லாண்ட் றோவரின் கால்பிறேக் முழுவதும் ஒரே குழாய்த் தொடர். மிதி, மாஸ்ரர் சிலிண்டரில் உள்ள திரவத்தை அழுத்தும். அவ்வழுத்தம் நான்கு சில்லுகளுக்கும் ஒரே வழியாகவே பிரிந்து செல்லும். எங்கேனும் ஓர் ஊசித்துளை விழுந்தாற் போதும், நான்கும் ஒருங்கே பயனற்றுப்போகும். பின்வந்த வாகனங்களில் இத்தொடரை இரண்டாகப் பிரித்தார்கள். கைப்பிறேக்கோ சில்லுகளைப் பற்றுவதேயன்று. கியர்ப் பெட்டியின் பின்னே, பின்னச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டில் தனியாக ஒரு ட்றம் உண்டு. அதைக் கம்பிகளாலும் நெம்புகோலாலும் இறுக்குவது அது. ஓடும்போது இழுத்தால் தண்டும் பற்களும் அடி வாங்கும் என்று பழகியவர்கள் எச்சரிப்பர். அன்று அதை எண்ண நேரமில்லை.

வீடு திரும்பியபின் தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "பூச்சுப் பூசுற காசை எடுத்து முதலில இதை நிற்கப் பழக்குங்கோ அண்ணா. அதுவரைக்கும் நானும் பிள்ளைகளும் இதில ஏறமாட்டம்."

தோட்ட வேலைத்தலங்களில் தம் ஆயுளிற் பெரும்பகுதியைக் கழித்த ஒரு முதியவரிடம் வண்டி போயிற்று. அவரை அவ்வூரார் எல்லோரும் 'பாஸ்' என்றே அழைப்பர். நாமும் மைத்துனரும் ஸ்பனர் எடுத்துக்கொடுக்கும் எடுபிடிகளாக மூன்று வார இறுதிகளை அங்கே கழித்தோம்.

லாண்ட் றோவரின் வரலாற்றை இரண்டு வரியிற் சொல்லிவிடலாம். றோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்சிலுள்ள ஆங்கிள்சித் தீவில் இருந்த தம் பண்ணையில், போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்தால் வேறென்ன வாங்குவது என்ற வினாவிற் பிறந்ததே இவ்வாகனம். 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடலை அலுமினியக் கலவையாற் செய்தார்கள். இதில் ஒரு மயக்கம் உண்டு: அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, ஆகவே வெளியிலிருந்து பார்க்க வண்டி என்றும் இளமையாயிருக்கும். அடிச்சட்டமும் அச்சும் ஸ்பிறிங்கும் குழாய்களும் உருக்கே. நோயெல்லாம் அங்கேதான்.

ஊசித்துளையைக் கண்டுபிடிக்கப் பாஸுக்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை. முன்புறத்தில் ஓடும் உருக்குக் குழாயை ஒரு பற்றி பிடித்திருக்கும். அப்பற்றியின் கீழே பல ஆண்டுச் சேறு இறுகி, ஈரம் காயாமல் நின்று குழாயை அரித்திருந்தது. விரலால் அழுத்தியபோது பொறுக்காக உதிர்ந்தது. "குழாயை மாத்திட்டா வண்டி ஓடும். கொண்டு போறீங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் அது கேள்வியன்று, பரீட்சை என்பது விளங்கிற்று. சில்லுகளையும் கழற்றிப் பார்க்கச் சொன்னோம்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். கைப்பிறேக் தண்டைப் பற்றுவதால், பின்சில்லு ஒன்றை ஜக்கினால் தூக்கிவிட்டால் அதன் பிடி போய்விடும்; தூக்கிய சில்லு ஒரு திசையிற் சுழல, தரையிலுள்ள சில்லு மறுதிசையிற் சுழன்று வண்டி உருளத் தொடங்கும். எனவே எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும் மற்றைச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையை நுழைத்தலாகாது. பாஸ் கனத்த மரக்குற்றிகளின்மேல் அடிச்சட்டத்தை இருத்தி, உலுக்கிப் பார்த்தபின்னரே எம்மைக் கிட்ட விட்டார்.

ட்றம்மைக் கழற்றியதும் உள்ளிருந்த தூசை ஊதப்போனோம், கையைத் தட்டிவிட்டார். பழைய பிறேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அத்தூசு நுரையீரலிற் படிந்தால் ஆண்டுகள் பல கழித்துப் புற்றுநோயாகவும் வெளிப்படும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையிலிட்டுக் கட்டினார்.

வலச்சில்லில் லைனிங் உலர்ந்திருந்தது. இடச்சில்லிலோ கறுத்து, ஒயிலில் ஊறி மின்னியது. முகர்ந்து பார்த்தால் கந்தக நெடி. பிறேக் திரவமன்று, அச்சினுள்ளே இருக்கவேண்டிய பல்லொயில். ஒரு பக்கம் பற்றாதபோது வண்டி பற்றுகின்ற பக்கத்துக்கே இழுக்கும். மாதக்கணக்காகப் பிறேக் போடும்போதெல்லாம் சுக்கான் வலப்புறம் இழுத்ததை மைத்துனர் பாதையின் சாய்வென்று எண்ணி, இடப்புறம் ஒடித்துப் பிடித்தே ஓட்டிவந்திருக்கிறார்!

வியப்பு என்னவெனில், ஒயிலில் ஊறிய அந்த லைனிங் தேயவே இல்லை. அது ஏறக்குறையப் புதியது. முன்னர் யாரோ ஒருவர் இதே கோளாறைக் கண்டு, லைனிங்கை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். ஒயில் எவ்வழியால் வந்தது என்று கேட்கவில்லை.

பாஸ் கேட்டார். சில்லின் குடத்தைப் பிடித்து மேலுங்கீழும் ஆட்டினார், 'டக்' என்றது. குடத்தினுள்ளே இருக்கும் கூம்புருளை பெயாரிங்குகள் தளர்ந்திருந்தன. குடம் தள்ளாடியபடி சுழன்றதால் ஒயிலைத் தடுக்கும் சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோயிற்று. தேய்ந்த வாயால் ஒயில் ட்றம்முக்குள் வந்தது. ஆக, பிறேக்கின் நோய்க்கு மூலம் பிறேக்கில் இல்லை. பெயாரிங்கைத் திருத்தாமல் எத்தனை லைனிங் போட்டாலும் சில வாரங்களில் இதே கதைதான்.

அதன்பின் முன்பகுதி முழுவதையும் கழற்றுவதென்று முடிவாயிற்று. சில்லைத் திருப்பும் மூட்டில் ஒரு பெரிய உருக்குக் கோளம் உண்டு. அதன் குரோமியப் பூச்சில் துருக்குழிகள் விழுந்து, அவை சுற்றியிருந்த சீலை அரம்போல் அராவியிருந்தன. இடப்புறக் கோளத்தை மாற்றினோம், வலப்புறம் தப்பியது. மூட்டின் மேற்புறத்தில் ஒரு புஷ்ஷும் கீழ்ப்புறத்தில் ஒரு பெயாரிங்கும் இருக்கும். அவற்றின் இறுக்கத்தைக் கடதாசிபோன்ற மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்யவேண்டும். தளர்ந்திருந்தால் சில்லு நடுங்கும். இறுகினால் சுக்கான் திரும்பாது. சுக்கான் கையில் விற்றராசைக் கொளுவி இழுத்து, எத்தனை இறாத்தலில் அசைகிறது என்று பார்க்கும்படி கைநூல் கூறுகிறது. பாஸிடம் விற்றராசு இல்லை. சந்தையில் மீன் விற்பவரிடம் இரவல் வாங்கினோம். திருப்பிக் கொடுக்கும்போது அதில் கிறீஸ் மணப்பதாக அவர் குறைகூறினார். எம்முடைய குறையை நாம் சொல்லவில்லை.

ஸ்பிறிங்குகளிலும் ஒரு செய்தி காத்திருந்தது. தகடுகளுக்கிடையே துரு ஏறி, எல்லாம் ஒரே கட்டையாக ஒட்டிக்கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினாலன்றோ அது ஸ்பிறிங்! அன்றியும் இவ்வண்டியில் இரு பக்கத்துக்கும் ஒரே ஸ்பிறிங் அன்று. சாரதியின் பக்கத்துக்கு வளைவு சற்றுக் கூடுதலானதைப் போடுவர். ஆசனத்தின் கீழே எரிபொருள் தாங்கியும் அப்பக்கந்தான். யாரோ இரண்டு பக்கமும் ஒரே வகையைப் போட்டிருந்தனர். வண்டி வலப்புறம் சாய்ந்து நின்றதை நாம் முதுமைக் கூனென்று எண்ணியிருந்தோம்.

புதிய சோடியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப்பிடித்தோம். ஆனால் பழையதைக் கழற்றுவதிலேயே ஒரு நாள் போயிற்று. அடிச்சட்டத்துக் குழாயினுள்ளே றப்பர் புஷ்ஷின் உருக்கு உறை துருவோடு ஒன்றாகிவிட்டது. சுத்தியல் பலிக்கவில்லை. இறுதியில் இரும்புவாளின் அலகை உள்ளே நுழைத்து, உறையை நீளவாட்டில் அறுத்து, உளியால் சுருட்டி எடுத்தோம். புதியதைப் பூட்டியபோதும் பாஸ் ஆணிகளை முடிவாக இறுக்கவிடவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சில்லுகளில் ஏறியபின்னரே இறுக்கச் சொன்னார். தொங்கும்போது இறுக்கினால், பாரம் ஏறியதும் றப்பர் முறுகியே நிற்கும், விரைவிற் கிழிந்துபோகும்.

லைனிங்கை இரு பக்கமும் மாற்றினோம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருத்தல் ஆகாது. சில்லுச் சிலிண்டர்களையும் குழாய்களையும் வளையும் றப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பிறேக் ஒயில்' என்று நாம் வழங்கினாலும் அஃது எண்ணெயன்று. உண்மையான எண்ணெய் ஒரு சொட்டு உள்ளே போனாலும் றப்பர்கள் உப்பிவிடும். மண்ணெண்ணெயால் கழுவுவதும் அவ்வாறே. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 4' எனப்படும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிறேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் ட்றம் காய்ந்து, திரவம் கொதித்து ஆவிக்குமிழாகும். குமிழை மிதித்தால் அது நசுங்குமேயன்றிப் பிறேக் பற்றாது. மலைநாட்டில் இருப்போர் இரண்டு ஆண்டுக்கொருமுறை இதை மாற்றுவது நல்லது. இறக்கத்திற் சிறு கியரில் வருவது அதனினும் நல்லது.

காற்றை வெளியேற்றும் வேலைக்கு மருமகன் மிதியில் அமர்ந்தான். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கினோம். "தம்பி, மிதி... புடி... புடிச்சுக்க... இப்ப விடு" என்று பாஸின் குரல் வண்டியின் கீழிருந்து வரும், போத்தலிலே குமிழிகள் வரும். நான்காவது சில்லில் குமிழி நின்றபோது பையன், "மிதி கல்லுப்போல இருக்கு!" என்று கத்தினான். கடைசியாக, தடியும் சோக்கும் கொண்டு முன்சில்லுகளின் இடைவெளியை அளந்தோம். முன்புறம் ஓரிரு மில்லிமீற்றர் ஒடுங்கியிருக்கவேண்டும், இருந்தது.

முதலில் வெற்று மைதானத்தில் நடைவேகத்தில் நிறுத்திப் பார்த்தோம். பிறகு சமதரைப் பாதையில், சுக்கானை இலேசாகப் பிடித்தபடி. வண்டி நேர்கோட்டில் நின்றது. அடுத்த ஞாயிறு அப்புத்தளைக்குப் புறப்பட்டபோது தங்கை பின்கதவைத் திறந்து, பிள்ளைகளை ஏற்றி, தானும் ஏறி அமர்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. பெரகலை இறக்கத்தில் அந்தக் கானைக் கடக்கும்போது மட்டும் எட்டிப் பார்த்தாள்.

300 மைல் ஓடியபின் ஸ்பிறிங்கைப் பிடிக்கும் 'யூ' போல்ட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கும்படி பாஸ் சொல்லியிருந்தார். பார்த்தோம். இடப்புறத்தில் ஒன்று கால் சுற்று இடம் கொடுத்தது. நிறம் இன்னமும் பூசவில்லை.