காலை உணவுக்கு வெண்ணெய் பன்

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டிற்கும், போடிமெட்டு ஏறி மூணாற்றிற்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், புதிய ஊரின் தட்பவெப்பத்தை முதலில் அறிவித்தது இட்லி மாவே எனலாம். பாலக்காட்டுக் கோடையில் இரவு கரைத்த மாவு விடியுமுன் பொங்கி வழியும். மூணாற்றிலோ மார்கழியில் பொழுது புலர்ந்த பின்னும் அது அசையாது கிடக்கும். இதனை அறிந்த சகோதரிகளுக்கு வீட்டில் பன் செய்வது புதிய கலையன்று.

பிரஞ்சு நாட்டில் 'பிரியோஷ்' என வழங்கும் பன், முட்டையும் பாலும் மிகுந்த வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவினால் ஆவது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு வாயுவை வெளியிடுவதால் மாவு பொங்குகிறது. கேரளத்துப் பாலப்ப மாவைத் தென்னங்கள் பொங்கச் செய்வதும் ஈஸ்டினால்தான்.

எட்டுப் பன்களுக்கு மைதா 250 கிராம், முட்டை 2, பால் 60 மில்லி, சர்க்கரை 30 கிராம், உப்பு 4 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 4 கிராம், வெண்ணெய் 75 கிராம் வேண்டும். வெண்ணெய் நீங்கலாக மற்றவற்றைச் சேர்த்து, மாவு இழுத்தால் அறாது நீளும்வரை பிசைக. பின்னரே வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் மாவுக்கு வலிமை வராது.

இனித்தான் ஊருக்கு ஊர் வழி பிரிகிறது. வெண்ணெய் ஏறத்தாழ 32 பாகை வெப்பத்தில் உருகத் தொடங்கும். பாலக்காட்டுக் கோடையோ 40 பாகையை எட்டுவதுண்டு. ஆகவே அங்கு முட்டையையும் பாலையும் குளிர்வித்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் பிசைதல் நன்று. முட்டை கலந்த மாவாதலின் இரவில் வெளியே வைத்தல் கூடாது, குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். மூணாற்றிலோ மாவைக் கம்பளியால் போர்த்தி அடுப்பங்கரையில் வைத்தாலும் மூன்று மணி நேரம் ஆகலாம். மாவு இருமடங்கு ஆயிற்றா என்பதே கணக்கு.

பின்னர் எட்டு உருண்டைகளாக்கி மீண்டும் உப்பவிடுக. விரலால் மெல்ல அழுத்திய குழி மெதுவாக நிரம்பினால் பக்குவம். மேலே பால் தடவி, 180 பாகைச் சூட்டில் சுமார் 20 நிமிடம் சுடுக. சூளையடுப்பு இல்லாதோர், கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து அரைமணி நேரம் சுடலாம். மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. எனினும் உள்ளே நன்கு வேகும்.

வெண்ணெயும் முட்டையும் விலையுடையனவாதலின் இது நாள்தோறும் செய்யும் பண்டமன்று. ஆயினும் முதல்நாள் மாலை சுட்டது மறுநாளும் மென்மையாக இருக்கும். விடியலில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், பிள்ளைகளின் பசியாற்ற இதனை வைத்துச் செல்லலாம்.

ஒருமுறை மாவு எழவில்லையென்று மனந்தளர்ந்து, 'இது கடைக்காரர் வேலை' எனக் கைவிட்டோர் நம்மிடையே உண்டு. பிழை அவர்கள் கையில் இல்லை. வேற்றூரார் எழுதிய குறிப்பின் நேரத்தை நம்பியதில்தான் உள்ளது. இட்லி மாவுக்குக் காட்டும் பொறுமையை இம்மாவுக்கும் காட்டுக. வரும் ஞாயிறன்று முயன்று பாருங்கள்.