எண்ணெயும் இரத்தமும்



நம் தேசத்தில் ஸ்திரீகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நம் சபைக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

வியாதி இன்னதென்று தெரிந்தவுடன் ஆலோசனைகள் வீடு தேடி வருகின்றன. "சூரியகாந்தி எண்ணெயையும் சோயா எண்ணெயையும் விட்டுவிடுங்கள், அவைதான் இரத்தத்தை உறையச் செய்கின்றன" என்பார் ஒருவர். "ஆளிவிதை எண்ணெயும் கருஞ்சீரக எண்ணெயும் குடியுங்கள், இரத்தக்கட்டி கரைந்துபோகும்" என்பார் மற்றொருவர். இருவரும் அன்பினால்தான் சொல்லுகிறார்கள். ஆனால் இவ்விரண்டையும் நம்பி இருந்துவிட்டால், உண்மையான ஆபத்து நம் கண்ணுக்கு மறைந்துபோகும்.

இரத்தம் ஏன் உறைகிறது?

புற்றுநோய்க்கும் இரத்தக்கட்டிக்கும் தொடர்பு உண்டு என்பது புதிய செய்தியல்ல. பிரான்சு தேசத்து மருத்துவர் ஆர்மாண்ட் ட்ரூசோ 1865-ஆம் ஆண்டிலேயே இதை விளக்கிக் கூறினார். பின்பு அதே அடையாளத்தைத் தம் சரீரத்திலேயே கண்டார். 1867-இல் புற்றுநோயால் மரித்தார்.

புற்றணுக்கள் இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் பொருள்களை வெளியிடுகின்றன. அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, மருந்து ஏற்றுவதற்காக இரத்தக்குழாயில் பொருத்தப்படும் குழாய், நீண்ட படுக்கை ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. பல ஆண்டுகள் உட்கொள்ள வேண்டிய டமாக்சிபென் மாத்திரையும் இரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பை இரண்டு, மூன்று மடங்காக உயர்த்துகிறது. ஆயினும் புற்றுநோய் திரும்பிவராமல் தடுப்பதில் அதன் நன்மை பெரிது. ஆகவே பயந்து அதை நீங்களாக நிறுத்திவிடாதிருங்கள்.

சமையல் எண்ணெயின் பங்கு என்ன?

அளவோடு பயன்படுத்தும் சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ இரத்தத்தை உறையச் செய்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அளவு மிஞ்சினால் சரீர எடை கூடும். அதிக எடை இரத்தக்கட்டிக்கும் ஒரு காரணமே.

ஆளிவிதை எண்ணெயில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. அதை மிகுதியாக உட்கொண்டால் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது சற்றுக் குறையலாம். ஆனால் ஏற்கெனவே உண்டான கட்டியை அது கரைக்காது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளுகிறவர்கள் இத்தகைய எண்ணெய்களையோ கேப்சூல்களையோ சேர்த்து உட்கொண்டால், இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடக்கூடும். அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் இதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

வார்ஃபரின் மாத்திரை உட்கொள்ளுகிறவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். சோயா எண்ணெயில் வைட்டமின் கே கணிசமாக உண்டு. அது இம்மருந்துக்கு எதிராக வேலைசெய்யும். ஆகவே எண்ணெயைத் திடீரென்று மாற்றாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

தாமதிக்கக்கூடாத வேளை

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல் ஆகியவை கால் இரத்தக்குழாயில் கட்டி இருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். புதிதாகக் கை வீங்கினாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, சளியில் இரத்தம் ஆகியவை கட்டி நுரையீரலுக்குச் சென்றதைக் காட்டக்கூடும். அந்த மணி நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கால் வீங்கியவுடன் எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். சிகிச்சை பெறும் சகோதரிக்கு இதைச் செய்யாதிருங்கள். உருவிவிடும்போது கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். டாப்ளர் ஸ்கேன் வலியில்லாத பரிசோதனை. கட்டி உண்டா இல்லையா என்பதை அது காட்டிவிடும்.

பயணமும் உபவாசமும்

மும்பையிலும் டெல்லியிலும் வாழும் நாம் விடுமுறைக்கு ஊருக்குச் செல்ல ஒரு நாளுக்கு மேலாக ரயிலில் அமர்ந்திருக்கிறோம். நீண்ட நேரம் கால் அசையாதிருப்பதும் இரத்தம் உறைய ஏதுவாகும். சிகிச்சையில் இருப்பவர்கள் புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்; பெட்டிக்குள் அவ்வப்போது நடங்கள்; தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

உபவாச ஜெபத்திலும் ஞானம் வேண்டும். தண்ணீரின்றி உபவாசிப்பது இவர்களுக்கு ஏற்றதல்ல. சில மாத்திரைகளை உணவோடுதான் உட்கொள்ளவேண்டும். இவர்களுக்காக மற்றவர்கள் உபவாசிக்கலாமே!

எண்ணெய் வார்த்தவன் செய்தது

நல்ல சமாரியன் காயம்பட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் (லூக்கா 10:34). ஆனால் அத்தோடு அவன் நிறுத்தவில்லை. காயங்களைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்திற்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் செலவுக்குப் பணமும் கொடுத்தான். வழியிலே எண்ணெயை மட்டும் வார்த்துவிட்டுப் போயிருந்தால், அவன் அயலானாக இருந்திருப்பானோ?

சபை மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பது வேதம் போதிக்கும் ஒழுங்கு (யாக்கோபு 5:14). அந்த ஜெபத்தை விசுவாசத்தோடு ஏறெடுப்போம். ஜெபித்த கையோடு ஆட்டோவை அழைத்து, அந்தச் சகோதரியின் மாத்திரைச் சீட்டையும் அவர் உட்கொள்ளும் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கூடச் செல்வோம். லூக்காவும் வைத்தியனே என்பதை மறவாதிருப்போம் (கொலோசெயர் 4:14).

சுகம் தருகிற கர்த்தர் உங்கள் குடும்பங்களைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.