ரிமோட் பேசவில்லையா, ஏசி கேட்கவில்லையா?

கத்திரி வெயில் கொளுத்தும் நாளில் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் ஏசி அசையவில்லை என்றால், பலரும் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அவர் வரும்வரை புழுக்கம், வந்த பிறகு செலவு. கோளாறு ரிமோட்டிலா, ஏசியிலா, இரண்டுக்கும் நடுவிலா என்பதைச் சில நிமிடங்களில் நாமே கண்டுபிடித்துவிடலாம். ஒரு செல்போனும், ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை விவரமும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

ரிமோட்டின் முனையில் இருக்கும் சிறிய பல்பு ஓர் எல்.இ.டி. அது அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். நம் கண்ணுக்கு ஏறக்குறைய 700 நானோமீட்டர் வரைதான் எட்டும். 1800-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே இல்லாததுபோல் தெரிந்த இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். அங்கே வெப்பம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இப்படித்தான் தெரியவந்தது.

வெயிலிலும் இதே கதிர் இருக்கிறது. அப்படியானால் ரிமோட்டின் ஒளியை ஏசி எப்படி அடையாளம் காண்கிறது? துடிப்பை வைத்துத்தான். ரிமோட் தன் ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து ஏற்றுகிறது. ஏசியின் சென்சார் அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறது. 1955-ல் அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் கொண்டுவந்த ‘ஃபிளாஷ்மேட்டிக்’ டிவி ரிமோட்டில் இந்த ஏற்பாடு கிடையாது. அது வெறும் டார்ச் ஒளியில் இயங்கியதால், டிவி மீது வெயில் பட்டாலே சேனல் மாறிய தொல்லை இருந்தது.

ஏசி ரிமோட்டுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. டிவி ரிமோட் ‘சத்தத்தைக் கூட்டு’ என்று ஒற்றைக் கட்டளை அனுப்பும். ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை, மோடு, ஃபேன் வேகம், ஸ்விங் என்று மொத்த விவரத்தையும் அனுப்புகிறது. மளிகைக் கடைச் சீட்டின் கீழே கூட்டுத்தொகை இருப்பதுபோல, பெரும்பாலான ரிமோட்டுகளின் செய்தி முடிவில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். கணக்கு இடித்தால் முழுச் செய்தியையும் ஏசி தள்ளிவிடும். சரியாக வந்தால்தான் ‘பீப்’.

அந்தப் பீப்தான் முதல் தடயம். ஓசை வருகிறது, குளிர் வரவில்லை என்றால் ரிமோட்டைக் குறைசொல்ல வேண்டாம். கூல் மோடில் இருக்கிறதா, டைமர் ஓடுகிறதா என்று பாருங்கள். அணைத்தவுடன் மறுபடி போட்டால் கம்ப்ரசர் ஓட சுமார் மூன்று நிமிடம் ஆகும். அது பாதுகாப்புக்காக வைத்த தாமதம்.

செல்போன் காட்டும் உண்மை

பீப் வரவில்லையா? செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கேமராவின் சென்சாருக்கு அகச்சிவப்பும் தெரியும் என்பதால் எல்.இ.டி. வெளிர் ஊதாவாக மினுங்கும். சில போன்களின் பின்பக்கக் கேமராவில் இந்தக் கதிரைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். அப்போது செல்ஃபி கேமராவில் பாருங்கள். வேலை செய்யும் டிவி ரிமோட்டை முதலில் காட்டிப் பார்த்துவிட்டால் சந்தேகமே வராது.

மினுக்கம் இல்லை என்றாலோ, மங்கலாக இருந்தாலோ பேட்டரியை மாற்றுங்கள். ‘திரையில் எண் தெரிகிறதே, பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். எல்.சி.டி. திரைக்குத் தேவைப்படும் மின்சாரம் மிகமிகக் குறைவு. எல்.இ.டி.யோ ஒவ்வொரு துடிப்பிலும் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பழைய செல்லின் உள்தடை கூடிப்போவதால் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்துவிடும். பொத்தானை அழுத்தும்போது திரை மங்குகிறதா என்று உற்றுப் பாருங்கள். மங்கினால் செல் தீர்ந்துவிட்டது. இரண்டு பென்சில் செல்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல்லைக் கழற்றிவிட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு பொத்தான் மட்டும் மக்கர் செய்தால், அதன் ரப்பருக்கு அடியிலுள்ள கார்பன் பூச்சு தேய்ந்திருக்கலாம் அல்லது அழுக்குப் படிந்திருக்கலாம். ‘லாக்’ குறி திரையில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஏசி பக்கம்

எல்.இ.டி. பளிச்சென்று மினுங்கியும் ஏசி கேட்கவில்லை என்றால் இன்டோர் யூனிட்டைச் சோதிக்க வேண்டும். அதன் முன்மூடியைத் தூக்கினால் பல மாடல்களில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். ரிமோட் இல்லாமலே ஏசியை ஓட்டுவதற்கென்று வைத்தது அது. அழுத்தியதும் ஏசி ஓடினால் மின்சாரமும் முதன்மை போர்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு சென்சாரிலோ, அதன் ஒயரிலோ, ரிமோட்டின் குறியீட்டிலோ இருக்கும். மாற்று ரிமோட் வாங்கியிருந்தால் அது உங்கள் மாடலின் குறியீட்டில் பேசுகிறதா என்று கேளுங்கள்.

பொத்தானுக்கும் அசையவில்லை என்றால் எம்.சி.பி., ஸ்டெபிலைசர் இரண்டையும் பாருங்கள். மின்சாரம் ஏறி இறங்கும்போது கட்டுப்பாட்டுச் சிப் உறைந்துபோவது உண்டு. எம்.சி.பி.யை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் அது புதிதாகத் தொடங்கும்.

நடுவில் இருக்கும் தடையையும் மறந்துவிடக் கூடாது. எலெக்ட்ரானிக் சோக் உள்ள டியூப்லைட்டுகள் பல்லாயிரம் துடிப்பில் எரிகின்றன. அது 38,000-க்கு அருகில் வந்தால் சென்சார் குழம்பிவிடும். விளக்கை அணைத்து ரிமோட்டை அழுத்தினால் விஷயம் விளங்கிவிடும். நேர் வெயில், திரைச்சீலை, சென்சார் மேல் படிந்த தூசி ஆகியவையும் இப்படித் தடுக்கும்.

இதற்கு மேல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் வெளி யூனிட்டின் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் “ஏசி வேலை செய்யலை” என்று சொல்வதற்குப் பதில், “ரிமோட் லைட் கேமராவுல தெரியுது, யூனிட் பட்டனை அழுத்தினா ஓடுது, ரிமோட்டுக்குப் பீப் மட்டும் வரலை” என்று சொல்லுங்கள். சிறிய சென்சார் பலகையோடு முடியவேண்டிய வேலைக்கு முழு போர்டையே மாற்றிப் பணம் கட்டும் நிலை வராது.