சடுகுடுக் களத்தில் ஐந்தில் ஒரு வினாடி

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்கள் ஓய்ந்துவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கும். உப்பு வாரும் பலகைகள் கொட்டகைக்குள் போய்விடும். அம்மாதங்களில், மழை விட்ட மாலைகளில், இக்கடலோரக் கிராமங்களில் சடுகுடு தொடங்கிவிடும். இன்று அதைக் கபடி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சிலர் இவ்வூர்களிலிருந்து வருபவர்கள். கல்லூரிக் கபடி அணியில் ஆடுபவர்கள்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் சென்ற ஆண்டு இவர்கள் படுதோல்வி அடைந்தார்கள். எதிரணியின் பிடி அப்படி! பாடிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: “சார், அவங்க பிடியில மாட்டினா சுவத்துல மோதின மாதிரி இருக்கு. இன்னும் உடம்பைத் தேத்தணுமா?”

இது விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடமோ, ஒரு வேலையோ கிடைக்குமா என்பது இத்தகைய ஆட்டங்களில் காட்டும் திறனைப் பொறுத்திருக்கிறது. எனவே இருவரும் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

பலம் மட்டும் போதுமா?

முதலில் களத்தை நினைவுபடுத்திக் கொள்வோம். ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. எதிர்ப்பக்கம் எழுவர் நிற்பார்கள். பாடுபவர், அதாவது ரைடர், ஒருவர்தான். அவருக்குக் கிடைப்பது 30 வினாடி. நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தொலைவில் போனஸ் கோடு இருக்கிறது. எதிரணியில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது அதைத் தாண்டிக் கால் பதித்து வந்தால், யாரையும் தொடாவிட்டாலும் ஒரு புள்ளி உண்டு.

இப்போது உந்தத்தைப் பார்ப்போம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம் அல்லவா? 70 கிலோ நிறையுள்ள ரைடர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் திரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய உந்தம் 280. அதே நிறையுள்ள ஒருவர் நின்றபடி அவரைக் கட்டிப் பிடித்தால், 280 என்ற உந்தத்தை இப்போது 140 கிலோ பகிர்ந்துகொள்கிறது. வேகம் 2 மீட்டராகக் குறைகிறது. மூவர் கை கோத்துச் சங்கிலியாக வந்து பிடித்தால் மொத்த நிறை 280 கிலோ. வேகம் 1 மீட்டர்தான். பிடித்தவர்களின் கால்கள் தரையில் ஊன்றியிருப்பதால் அதுவும் நொடியில் அடங்கிவிடும்.

ரைடர் தம் எடையை 10 கிலோ கூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சங்கிலியில் சிக்கியபின் அவருடைய வேகம் 1 மீட்டர் என்பது 1.1 மீட்டர் ஆகும், அவ்வளவுதான். ஆகவே சங்கிலியை உடைக்கும் வழி பலத்தில் இல்லை. சங்கிலி கூடுவதற்கு முன் வெளியேறுவதே வழி. இது நேரத்தைப் பற்றிய கணக்கு.

ஓர் அளவுகோல் போதும்

கண் பார்த்ததை மூளை உணர்ந்து தசைக்குக் கட்டளை அனுப்பச் சற்று நேரம் ஆகிறது. இதை எதிர்வினை நேரம் என்கிறோம். நீங்களே அளந்து பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை நண்பர் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். அதன் சுழிக்குறி உங்கள் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கட்டும். அவர் சொல்லாமல் கைவிட வேண்டும். நீங்கள் விரல்களை மூடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அளவில்தான் பிடிப்பீர்கள். தடையின்றி விழும் பொருள் அத்தொலைவைக் கடக்க 0.2 வினாடி ஆகிறது. ஐந்தில் ஒரு வினாடி!

இதைக் களத்துக்குக் கொண்டுபோவோம். ஓடத் தொடங்கும்போது நம்மைத் தள்ளுவது தரையின் உராய்வு. உராய்வால் கிடைக்கக்கூடிய முடுக்கம், உராய்வுக் குணகத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் வரும். நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. இந்த எல்லை பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் ஒன்றே. குணகத்தை 0.5 என்று கொண்டால் முடுக்கம் ஏறத்தாழ 5 மீட்டர்/வினாடி².

ரைடர் போனஸ் கோட்டருகில் இருக்கிறார். கடைசி 1.25 மீட்டரை உடலை நீட்டிப் பாய்ந்து கடப்பார் என்று கொண்டால், ஓட வேண்டியது 3.5 மீட்டர். நின்ற நிலையிலிருந்து இதற்கு 1.18 வினாடி ஆகும். வழிமறிக்க வரும் சங்கிலிக்காரர் 2 மீட்டர் ஓடினால் போதும் என்றால் அவருக்கு ஆவது 0.89 வினாடி, எதிர்வினை நேரம் 0.2 சேர்த்து 1.09. ரைடர் சிக்கிக்கொண்டார்!

அவர் நிற்காமல், தொடும்போதே வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால்? ஓடும் நேரம் 0.85 வினாடியாகக் குறைகிறது. கால் வினாடி மிச்சம், தப்பிவிட்டார்.

ஆனால் ரைடர் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சங்கிலிக்காரர் முன்கூட்டியே ஊகித்துவிட்டால் அவருக்கு 0.2 வினாடி செலவே இல்லை. அவர் 0.89 வினாடியில் வந்துவிடுவார். கால் வினாடி மிச்சம் 0.04 வினாடியாகச் சுருங்கிவிடும். ஒரு பெருந்தற்காப்பின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. அது கையால் பிடிப்பதற்கு முன்பே ஊகத்தால் பிடித்துவிடுகிறது.

உப்பளம் கற்றுத் தந்த நடை

ஊகத்துக்கு முதல் துப்பு ரைடரின் கால்களே. நீண்ட அடி வைப்பவரால் திசையைச் சட்டென்று மாற்ற முடியாது. அது பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். மேலும், கால் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு, உராய்வுக் குணகத்தைத் தாண்டினால் வழுக்கும். குணகம் 0.5 என்றால் 27 டிகிரி வரை சாயலாம். ஈரக் களிமண்ணில் அது 0.3 ஆகிவிட்டால் 17 டிகிரிதான்.

இதை எங்கள் மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பருவம் தொடங்குமுன் பாத்தியின் களிமண் தளத்தைக் காலால் மிதித்து இறுக்குவதை அவர்கள் சிறுவயதிலிருந்தே பார்த்தவர்கள். வழுக்கும் பாத்தியில் உடலின் பாரம் பாதத்தின் மேலேயே இருக்கும்படி குறுகிய அடிகளாக வைத்து நடப்பார்கள். அந்த நடையைக் களத்திலும் நடந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது கடைசி வரை தெரியாது.

பலமான பக்கத்தையும் தாக்கு!

இரண்டாவது துப்பு, பழக்கம். எதிரணியின் வலது மூலையில் நிற்பவர் சூரர் என்றால் எல்லோரும் இடப்பக்கமே போவார்கள். இது சரியா?

எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ரைடர் இடப்பக்கம் போகும்போது எதிரணியும் இடப்பக்கத்தை எதிர்பார்த்திருந்தால் வெற்றி வாய்ப்பு 30 விழுக்காடு. வலப்பக்கத்தை எதிர்பார்த்திருந்தால் 70. சூரர் நிற்கும் வலப்பக்கம் போகும்போது, எதிரணி அதை எதிர்பார்த்திருந்தால் 10. எதிர்பாராமல் இருந்தால் 50.

எப்போதும் இடப்பக்கமே போனால் எதிரணி அதைக் கண்டுகொள்ளும். வாய்ப்பு 30-இல் நின்றுவிடும். பாதி முறை இடமும் பாதி முறை வலமும் ஒழுங்கில்லாமல் கலந்து போனால்? எதிரணி இடத்தை எதிர்பார்த்தால் 30, 50 இவற்றின் சராசரி 40. வலத்தை எதிர்பார்த்தால் 70, 10 இவற்றின் சராசரி, அதுவும் 40! எதிரணி என்ன செய்தாலும் 40-க்குக் கீழே இறக்க முடியாது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி 40 முறை பாடிப் போகிறது என்றால் 12 வெற்றிகள் 16 ஆகின்றன.

வியப்பாக இருக்கிறதல்லவா? சூரர் இருக்கும் பக்கத்தையும் பாதி முறை தாக்கினால்தான் பலவீனமான பக்கம் பலவீனமாகவே இருக்கும். இத்தகைய கலப்பு முறைக்குக் கணித அடிப்படை அமைத்தவர் ஜான் வான் நாய்மன், ஆண்டு 1928.

‘ஒழுங்கில்லாமல்’ என்பது முக்கியம். இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறிப் போனால் அதுவும் பழக்கமாகிவிடும். அதனால் ஒரு வழி சொன்னேன்: பாடப் போகுமுன் ஆட்டக் கடிகாரத்தின் கடைசி இலக்கத்தைப் பார்; ஒற்றைப்படை என்றால் இடம், இரட்டைப்படை என்றால் வலம்.

உலக அரங்கிலும் இதே சிக்கல்

கல்லூரி அணிக்கு மட்டும் வரும் சோதனையன்று இது. 2016 அக்டோபரில் அகமதாபாதில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானைச் சந்தித்தது. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனும் அந்த இந்திய அணியில் இருந்தார். இடைவேளையின்போது இந்தியா 13–18 எனப் பின்தங்கியிருந்தது. முடிவில் 38–29 என வென்றது. அஜய் தாக்கூர் மட்டும் 12 புள்ளிகள் எடுத்தார். ஈரான் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 2018 ஆசிய விளையாட்டில், ஜகார்த்தாவில், அதே தாக்கூர் தலைமை தாங்கிய இந்திய அணியை அரையிறுதியில் 27–18 என மடக்கியது. 1990 முதல் தொடர்ந்து ஏழு முறை தங்கம் வென்றிருந்த அணி அது! எவ்வளவு சிறந்த தாக்குதலையும் நாளடைவில் எதிரி படித்துவிடுகிறான். புதிதாகத் திட்டமிட வேண்டியது தாக்குபவன் பொறுப்பு.

எங்கள் மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? இந்த ஆண்டும் அதே அணியைச் சந்தித்தார்கள். மூன்றே புள்ளியில் தோற்றார்கள். மறுநாள் அதே மாணவன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். “சார், பாடுறதுக்குக் கணக்குச் சொல்லிட்டீங்க. இப்ப நாங்க பிடிக்கிறதுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க” என்றான்.

அளவுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். உங்கள் ஊர்க் களத்திலும் இதைத் தொடங்கலாம். முதலில் உங்கள் அணியின் எதிர்வினை நேரத்தை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். பிறகு, அடுத்து வரும் பத்து ஆட்டங்களில் உங்கள் ரைடர் எந்தப் பக்கம் எத்தனை முறை போகிறார் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எண்ணிக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை எதிரணியும் கண்டுபிடித்திருக்கும்.