வேண்டும் நீரும் வேண்டா நீரும்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, அரசுப் பணியைக் கிராமங்களுக்குச் சுமந்து சென்ற பெருமை ஜீப் வண்டிக்கு உண்டு. இன்று வண்டியின் உருவமும் பெயரும் மாறியுள்ளன. ஆயினும், தடுப்பூசிப் பெட்டியையும் விதை மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மண்பாதையில் செல்லும் சிறு வண்டி இன்றும் களப்பணியாளரின் வலக்கையாகவே விளங்குகின்றது. அவ்வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் ஒரு நாள் பணி கெடும். மலைச்சரிவில் நிற்க மறுத்தாலோ உயிருக்கே கேடு. முன்னதற்குப் பாட்டரியும் பின்னதற்குப் பிரேக்கும் பொறுப்பு. இவ்விரண்டின் பராமரிப்பிலும் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்றே, அது நீர். பாட்டரி நீர் குறைவதால் கெடுகின்றது; பிரேக்கோ நீர் சேர்வதால் கெடுகின்றது.

பாட்டரியின் தேவை

1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே அமைத்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்ததே இன்றைய வண்டிப் பாட்டரி. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் அறைகள் ஆறு சேர்ந்து 12 வோல்ட் பாட்டரியாகின்றன. ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள் நீர்த்த கந்தகாமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின்னேற்றத்தின்போது நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறிவிடும். அமிலம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, மட்டம் குறைந்தால் ஊற்ற வேண்டுவது அமிலமன்று, நீரே. அதுவும் காய்ச்சி வடித்த நீராதல் வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் கலந்துள்ள இரும்பும் குளோரைடு உப்புகளும், வண்டி ஓடாதபோதும் பாட்டரியின் மின்சாரத்தைக் கரைத்துவிடும்.

மூடி திறக்கும் வகைப் பாட்டரியாயின், கோடையில் வாரம் ஒரு முறையும் ஏனைய காலங்களில் இரு வாரங்களுக்கு ஒரு முறையும் மட்டத்தைப் பார்த்தல் நலம். தகடுகள் வெளியே தெரியலாகாது. விளிம்புவரை நிரப்பவும் கூடாது. ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒப்படர்த்தியை அளந்தால், முழு மின்னேற்றத்தில் அது தயாரிப்பாளர் குறித்தவாறு 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மட்டும் பிறவற்றைவிட 0.050 அளவு குறைந்து காணின், அவ்வறை பழுதுற்றதென்று கொள்ளலாம். மூடியிடப்பட்ட வகையில் வோல்ட்மீட்டரே துணை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12 வோல்ட் என்பது ஏறக்குறைய வெறுமையின் அறிகுறி.

லடாக் போன்ற குளிர் நிலங்களில் பணிபுரிவோர் மற்றொன்றும் அறிதல் வேண்டும். முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரி கடுங்குளிரிலும் உறைவதில்லை. மின்சாரம் தீர்ந்த பாட்டரியிலோ நீரின் பங்கு மிகுதலால், அது பூச்சியத்திற்குக் கீழ் 10 பாகை வருமுன்னரே உறைந்து வெடிப்புறக்கூடும்.

முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின், எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றி, சமையற்சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவுக. சோடா நீர் அறைக்குள் புகலாகாது. ஹைட்ரஜன் எளிதில் வெடிக்கும் வாயுவாதலின், அருகில் பீடியோ தீக்குச்சியோ வேண்டா.

பிரேக்கின் பகை

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. மிதிக்கட்டையில் கால் தரும் அழுத்தம் நான்கு சக்கரங்களையும் அடைவது இவ்விதியாலேயே. திரவம் எளிதில் சுருங்குவதில்லை. ஆனால் காற்றும் ஆவியும் சுருங்கிவிடும்.

பணிமனைகளில் இத்திரவத்திற்குப் பிரேக் ஆயில் என்று பெயர். பெயரைக் கண்டு மயங்கி எஞ்சின் ஆயிலை ஊற்றுவோர் உண்டு. அது பெருந்தவறு, உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிப் பழுதாகும். பெரும்பாலான வண்டிகளில் பயன்படும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சவல்லது. புதிய டாட் 3 வகைத் திரவம் 205 பாகை சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதிப்பதில்லை. நூற்றுக்குச் சுமார் 4 பங்கு நீர் சேர்ந்தால் கொதிநிலை 140 பாகை அளவிற்கு இறங்கக்கூடும். நீண்ட மலை இறக்கத்தில் ஓயாது பிரேக் மிதிக்கையில் சக்கரங்கள் சூடேறித் திரவம் கொதித்து ஆவியாகின்றது. அப்பொழுது மிதிக்கட்டை தரையைத் தொட்டும் வண்டி நிற்பதில்லை. அரைமணி முன்பு நன்றாகவே இருந்த பிரேக் இங்ஙனம் கைவிடுவதன் காரணம் இதுவே.

ஆதலின், கையேட்டில் குறித்த வகைத் திரவத்தையே, முத்திரை உடையாத குப்பியிலிருந்து ஊற்றுக. திறந்து நாட்பட்ட குப்பியை நம்ப வேண்டா. கையேடு வேறுவிதம் கூறாவிடில், இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை திரவம் முழுவதையும் பணிமனையில் மாற்றுவித்தல் தகும். மட்டம் மெல்லக் குறைதல் லைனிங் தேய்வதால் இருக்கலாம். திடீரெனக் குறைந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. நாள்தோறும் கிளம்புமுன் மிதிக்கட்டையை அழுத்திப் பார்க்க வேண்டும். அது பஞ்சுபோல் அமிழ்ந்தாலும், மெல்லக் கீழிறங்கினாலும், வண்டியை எடுத்தலாகாது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்லுதல் பிரேக்கின் சூட்டைத் தணிக்கும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, முழுவதும் நீர் நிரப்பி ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே எழும். பின்னர்ச் சிறிது காற்றை உள்ளே விட்டு அழுத்தச் சொல்லுக. விரலின்கீழ் அமிழும் அந்த மென்மையை உணர்ந்த மாணவன், மலைச்சாலையில் ஓட்டுநர் அஞ்சுவது எதனையென்று அறிந்துகொள்வான்.