ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு தொழில்

எலக்ட்ரீஷியன் ஒருவர் ஏணியில் நிற்கிறார். ஒரு கையில் கம்பி. மறு கையில் குறடு. சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுக்க முடியுமா? முடியாது. அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. கூப்பிட்டவர் என்ன செய்வார்? வேறு ஆளைக் கூப்பிடுவார். வர வேண்டிய வேலை கைநழுவிப் போய்விடும்.

தையல் கடைக்கார அம்மாவுக்கும் இதே தொல்லைதான். மிஷினை மிதிக்கும்போது போன் வருகிறது. "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். யாருக்குச் சொன்னோம்? எந்தத் துணிக்குச் சொன்னோம்? ராத்திரி யோசித்தால் நினைவு வருவதில்லை.

இவர்களுக்குக் கைத்தொழில் நன்றாகத் தெரியும். போனை எடுத்துப் பேசத்தான் ஆள் இல்லை. எழுதி வைக்க, நினைவுபடுத்த ஆள் இல்லை. அதற்காகக் கடையில் ஒருவரை முழுச் சம்பளத்துக்கு வைக்கவும் வசதி இல்லை.

அந்த வேலையை நீங்கள் உங்கள் வீட்டில் இருந்தபடியே செய்து கொடுக்கலாம். அதற்குக் கூலி வாங்கலாம்.

இதைப் பெரிய ஊர்களில் 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' வேலை என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தூரத்தில் இருந்து உதவி செய்பவர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை கடையில் உட்கார்ந்து எழுதினார். இவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்.

என்னென்ன வேலை?

கடைக்கு வரும் போனை எடுத்துப் பேசுவது. ஆர்டரை எழுதிக்கொள்வது. எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்து சொல்வது. முதல் நாளே நினைவுபடுத்துவது. பாக்கி வைத்தவர்களைப் பணிவாகக் கேட்பது. அன்றைய வரவு செலவை எழுதி இரவில் கடைக்காரருக்கு அனுப்புவது.

யாருக்கு இந்த உதவி தேவைப்படும்? பிளம்பர், எலக்ட்ரீஷியன், தையல்காரர், வீட்டில் சமைத்துச் சாப்பாடு கொடுப்பவர், தண்ணீர் கேன் போடுபவர், பந்தல்காரர், பியூட்டி பார்லர் நடத்துபவர். உங்கள் தெருவிலேயே இவர்களில் மூன்று பேராவது இருப்பார்கள்.

"கம்ப்யூட்டர் வேண்டாமா தம்பி?" என்று எங்கள் மையத்தில் ஓர் அக்கா கேட்டார். பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்தால் வேண்டும். அங்கே ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த உங்கள் மகளோ மகனோ அதைக் கற்றுக்கொள்ளலாம். தெருக்கடைக்கு வேலை செய்ய ஒரு போனும் ஒரு நோட்டும் போதும். தெளிவாகப் பேசும் வாயும், தப்பில்லாமல் எழுதும் கையும் வேண்டும்.

பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறோம். தெருவில் கன்னடமோ மராத்தியோ இந்தியோ பேசுகிறோம். மூன்று மொழியில் போன் பேசத் தெரிந்த ஆள் கிடைத்தால் எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்?

நோட்டில் இரண்டு பக்கம்

நல்ல கட்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். விரித்தால் இடது பக்கம், வலது பக்கம் என்று இரண்டு பக்கம் தெரியும். இடது பக்கம் கடைக்காரர் கணக்கு. வலது பக்கம் உங்கள் கணக்கு.

இடது பக்கத்தில் இப்படி எழுதுங்கள்.

தேதி: 3. காலை 10 மணி.
யார்: மாடி வீட்டு அம்மா, பள்ளிக்கூடத் தெரு.
என்ன: மின்விசிறி ஓடவில்லை.
எப்போது வருவதாகச் சொன்னோம்: 4ஆம் தேதி மாலை 4 மணி.
வேலை முடிந்ததா:
பணம் வந்ததா:

கடைசி இரண்டு வரியை வேலை முடிந்த பிறகு நிரப்புங்கள். தினமும் இரவில் நோட்டைப் புரட்டுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ, அதைத்தான் மறுநாள் காலையில் முதலில் கவனிக்க வேண்டும். கேட்டதை அப்போதே எழுதுங்கள். எழுதியதைப் போனிலேயே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். "நாளை மாலை நான்கு மணிதானே அம்மா?" என்று கேட்டால் குழப்பம் வராது.

வலது பக்கத்தில் என்ன எழுதுவது? உங்கள் நேரத்தை எழுதுங்கள். போன் 5 நிமிடம். நினைவூட்டியது 10 நிமிடம். கணக்கு எழுதியது அரை மணி. இதை எழுதாமல் விடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

கூலியை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கடைக்காரர் சொல்கிறார்: "வீட்டில் சும்மாதானேம்மா இருக்கிறாய். போன்தானே எடுக்கப் போகிறாய். மாதம் 1,000 ரூபாய் தருகிறேன்."

ஆயிரம் என்றதும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கணக்குப் போடுவோம்.

வலது பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வருகிறது. மாதம் 26 நாள் வேலை. 26 நாள், 2 மணி. மொத்தம் 52 மணி நேரம். போன் ரீசார்ஜுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் முந்நூறு போனால் மிச்சம் 700 ரூபாய். 700ஐ 52ஆல் வகுத்தால் மணிக்குப் பதின்மூன்றரை ரூபாய்கூட இல்லை. இந்தக் கூலிக்கு யாராவது பாத்திரம் தேய்க்க வருவார்களா?

இப்போது திருப்பிப் போடுவோம். மணிக்கு 50 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 மணிக்கு 2,600 ரூபாய். ரீசார்ஜ் 300. மொத்தம் 2,900 ரூபாய். உங்கள் ஊர் நிலவரப்படி இது கூடலாம், குறையலாம். ஆனால் கணக்கு இப்படித்தான் தொடங்க வேண்டும்.

கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். நோட்டைக் காட்டுங்கள்.

"அண்ணே, போன மாசம் 140 போன் எடுத்திருக்கேன். அதிலே 30 வேலை உங்களுக்கு வந்திருக்கு. பாருங்க, எழுதி வைச்சிருக்கேன்."

"அட, இத்தனையா!"

"ஆமாண்ணே. நேரமும் எழுதியிருக்கேன். 52 மணி ஆகியிருக்கு."

எழுத்துக்கு எதிரே "சும்மாதானே" என்ற சொல் நிற்காது.

முதலில் ஒரே ஒரு கடையை எடுத்துச் செய்யுங்கள். ஒரு வாரம் வெள்ளோட்டம் பார்க்கலாம். வேலை கைக்குப் பழகிய பிறகு இரண்டாவது கடைக்குப் போகலாம். கையில் இருக்கும் வேலையை அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம்.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள்

வாய்ப்பேச்சு மறந்துபோகும். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். என்ன வேலை? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? எவ்வளவு கூலி? எந்தத் தேதியில் தருவார்? வேலையை விடுவதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? ஆளுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கென்று தனி சிம் கார்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் வாங்குங்கள். அடுத்தவர் பெயரில் உள்ள சிம் வேண்டாம். உங்கள் சிம்மையும் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். மாலை 7 மணிக்கு வேலை முடிகிறது என்றால் 7 மணிக்கு அந்த சிம்மை அணைத்துவிடலாம். அகாலத்தில் தொல்லை இருக்காது. உங்கள் வீட்டு விலாசத்தை வாடிக்கையாளர் யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஊராரின் பெயர், போன் எண், விலாசம், பாக்கி எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும். அது அடுத்தவர் உடைமை. பக்கத்து வீட்டில் அதைப் பேசக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. இந்தத் தொழிலுக்கு முதல் என்பது நம்பிக்கைதான்.

ஏமாற்றுக்காரர்கள் உண்டு

"வீட்டில் இருந்தே மாதம் 30,000 சம்பாதிக்கலாம்" என்று போனில் செய்தி வரும். உஷாராக இருங்கள். அவர்கள் செய்வது இதுதான்.

முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். கட்டினால் டைப் அடிக்கத் தாள்கள் அனுப்புவார்கள். முடித்துக் கொடுத்ததும், "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். மிரண்டு போய்ப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொரு வகையினர் உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். "பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தருகிறோம்" என்பார்கள். அது பெரும்பாலும் வேறு யாரிடமோ திருடிய பணம். போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.

மூன்று விதிகளை மனதில் வையுங்கள். வேலை தருபவர்தான் பணம் தர வேண்டும். அவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகப் போகிறது என்று பொருள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இந்தியா முழுவதற்கும் ஒரே எண்தான். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

பதிவும் கடனும்

தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் 'உத்யம்' என்ற அரசுப் பதிவைச் செய்துகொள்ளலாம். 2020ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆதார் எண் வேண்டும். அரசு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அமைப்பு சாராத தொழிலாளர்களுக்கு 2021இல் 'இ-ஷ்ரம்' பதிவு தொடங்கியது. வீட்டில் இருந்து வேலை செய்பவர்களும் அதில் சேரலாம்.

கடன் வேண்டுமானால் 2015இல் தொடங்கிய முத்ரா திட்டம் இருக்கிறது. அதில் 'சிசு' என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே கடன் எதற்கு? நோட்டும் பேனாவும் வாங்கக் கடன் வேண்டாமே. இரண்டு மூன்று கடை சேர்ந்து, கம்ப்யூட்டர் தேவை என்று தோன்றும்போது யோசிக்கலாம்.

வீட்டு வேலையும் வேலைதான்

வீட்டில் இருந்து செய்யும் வேலை ஊர்க் கண்ணுக்குத் தெரிவதில்லை. பீடி சுற்றுபவர், அப்பளம் இடுபவர், துணி தைப்பவர் எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. 1972ஆம் ஆண்டு குஜராத்தில், அகமதாபாத் நகரில், இலா பட் என்ற பெண்மணி இப்படிப்பட்ட பெண்களைச் சேர்த்து 'சேவா' என்ற சங்கத்தைத் தொடங்கினார். "உங்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு?" என்று அரசு அதிகாரிகள் கேட்டார்கள். தொழிலாளர்கள் ஒன்றுசேரத்தான் சங்கம் என்று அந்தப் பெண்கள் வாதாடினார்கள். கடைசியில் சங்கம் பதிவானது. 1996ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் கூடி, வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்காகத் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்றது.

நாமும் தனியாக நிற்க வேண்டாம். உங்கள் சுய உதவிக் குழுவில் நான்கு பேர் சேர்ந்து இந்தத் தொழிலைச் செய்யலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் போனை எடுப்பார். கூலியையும் நான்கு பேரும் ஒரே மாதிரி கேட்கலாம்.

நம்மில் பலர் எழுதப் பழகியது அண்மையில்தான். முதலில் பெயரை எழுதினோம். பிறகு கடிதம் எழுதினோம். இனி நம் உழைப்பையும் எழுதி வைப்போம். எழுதி வைத்த உழைப்புக்கு விலை கேட்க முடியும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் போன் எடுக்க நேரம் இல்லாத தொழில்காரர்கள் யார் யார்?
2. ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மாதம் 26 நாள் வேலை. மணிக்கு 40 ரூபாய், ரீசார்ஜ் 300 ரூபாய். மாதம் எவ்வளவு கேட்க வேண்டும்?
3. வேலை தருவதாகச் சொல்லி உங்கள் ஊரில் யாரிடமாவது பணம் பறித்தார்களா? எப்படிப் பறித்தார்கள்?